சிதறலுக்கும் பொறுப்புண்டா?

ஒரு செயலைச் செய்தவன் அதன் விளைவுக்கு எத்துணைத் தூரம் பொறுப்பாவான் என்பது ஒழுக்கவியலில் பழைய வினா. அதனைப் புதிதாக எழுப்பியிருப்பது வானத்துக் கல்லொன்றின் சிதறல்.

2022 செப்டெம்பர் 26ஆம் நாள், இலங்கை நேரப்படி மறுநாள் அதிகாலை 4.44க்கு, நாசாவின் டார்ட் விண்கலம் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் வேகத்தில் டைமோர்பொஸ் என்னும் சிறுகோள்மீது வேண்டுமென்றே மோதவிடப்பட்டது. டிடிமொஸ் என்ற பெரிய கோளைச் சுற்றிவர அது எடுத்த 11 மணி 55 நிமிடம், அரைமணிக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. பூமியை நோக்கி வரும் கல்லைத் திசைதிருப்பலாம் என்பது நிரூபணமாயிற்று.

ஆயினும், கல்லைத் தள்ளியது கலம் மட்டுமன்று. மோதலிற் பீறிட்டெழுந்த தூசும் பாறையும் வெளியே பாய, சுட்ட பீரங்கி பின்னுதைப்பதுபோலச் சிறுகோள் மேலும் உதைபட்டது. அது பெற்ற மொத்த உந்தம் கலம் கொண்டுசென்றதைப்போல் மும்மடங்குக்கும் அதிகமெனக் கணித்தனர். சிதறலின் பங்கு அடியின் பங்கினும் பெரிது! இத்தாலியச் சிறுகலமொன்று அச்சிதறலைப் படமெடுத்தது. டிசெம்பரில் ஹபிள் தொலைகாட்டி, மனித நடையினும் மெதுவாக விலகிச்செல்லும் 37 பாறைகளைக் கண்டது.

'நல்லெண்ணத்துடனேயே செய்தேன்' என்று கூறி விளைவிலிருந்து விலகிக்கொள்வோர் நம்மிடையே பலர். என் கருத்தில், அடித்தவன் நின்று சிதறலை எண்ணுவது அறிவு வேட்கை மட்டுமன்று, கடமையுமாகும். இப்பரிசோதனைக்குப் பூமிக்கு ஆபத்தற்ற கல்லையே தேர்ந்தனர். மெய்யான ஆபத்து வரும்போது அத்தகைய தேர்வு இராது. தள்ளியது போதாவிடின் கல் விழுமிடம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறிவிடும். அந்நாட்டாரிடம் முன்கூட்டிச் சொல்வது யார்?

நிந்தவூர்க் கரையிலிருந்து நோக்குமிடத்து இது வெறும் கற்பனை வினாவன்று. 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவில் நிலம் நடுங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின்னரே அலை இங்கு வந்தது. உலகின் கருவிகள் நடுக்கத்தைப் பதிந்திருந்தன. இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஒழுங்கு இருக்கவில்லை. மறுநாள், பின்னர் அபோபிஸ் எனப் பெயர்பெற்ற சிறுகோள் 2029இல் பூமியில் மோத 37இல் ஒரு வாய்ப்புண்டு என விண்ணியலாளர் கணித்தனர். பழைய படங்களை ஆராய்ந்ததும் அவ்வச்சம் நீங்கியது. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு அப்பாலிருந்த கல்லைக் கண்ட உலகம், இரண்டு மணித் தொலைவிலிருந்த அலையை எமக்குச் சொல்லவில்லை.

கல்லைத் திருப்புவது பற்றி ஆலோசிக்க 2014 முதல் ஐக்கிய நாடுகளின் ஆதரவில் ஒரு குழு கூடுகின்றது. அதில் அமர்வோர் விண்வெளி நிறுவனங்களின் பிரதிநிதிகள்.