மலைச்சரிவும் விதியும்

பிரிக்பீல்ட்ஸில் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தபோது பத்தாங் காலி மண்சரிவைப் பற்றிப் பேச்செழுந்தது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி பின்னிரவில் முகாமிட்டு உறங்கியவர்களை மண் மூடிற்று. குழந்தைகள் உட்பட 31 பேர் மாண்டனர். அருகிலிருந்த பெரியவர், "எல்லாம் விதி, தம்பி" என்றார். மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

மலை காரணமின்றிச் சரிவதில்லை. மழைநீர் மண்ணின் இடைவெளிகளில் நிறைந்து அழுத்தம் மிகும்போது, துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலிமை குன்றுகின்றது. பிறகு மலையின் பாரமே மலையை இழுக்கின்றது. பனிமலையிலும் நியதி ஏறக்குறைய இதுவே. நொய்ந்த அடுக்கொன்றின்மேல் புதுப்பனி பலகைபோல் இறுகிவிடின், 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒருவன் கால் வைத்தாலும் போதும், பலகை முழுவதும் பெயர்ந்தோடும். ஐரோப்பிய நாடுகள் அவ்வபாயத்தை 1993 முதல் ஐந்து படிகளாக வகுத்துப் பனிக்காலத்தில் அறிவித்து வருகின்றன. மூன்றாம் படியென்று படித்த பின்னும் பனிச்சறுக்கு விளையாட ஏறுவோன் அறிந்தே தன் உயிரைப் பணயம் வைக்கின்றான். அவனைக் குறைகூற நமக்கு மனமில்லை.

ஆனால் அறியாதவனையும் ஆணைக்குட்பட்டவனையும் அவனோடு ஒரே தட்டில் வைக்கலாமோ? 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பதின்மர் பனியில் புதையுண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டார். அந்த இடத்தை அவர்களா தெரிந்தெடுத்தனர்? ஐந்து படிகள் வகுக்கப்பட்ட அதே 1993-இல், டிசம்பர் 11 அன்று, உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் மாளிகைகளுள் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டனர். பின்மலையின் வடிகாலும் தாங்குசுவரும் தக்கனவாக இல்லையென்பது வழக்கில் வெளிப்பட்டது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், சட்டம் அளிக்கும் காப்பைக் காட்டி நகராண்மைக் கழகத்தைப் பொறுப்பினின்று விடுவித்தது. சட்டத்தின் பொறுப்பு அங்கே முடியலாம். அறத்தின் பொறுப்பும் அங்கேயே முடியுமோ? அபாயத்தை அறியக்கூடிய நிலையில் இருப்பவன் ஒருவன். அதன் கீழே படுத்துறங்குபவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடையிலுள்ள வெளியைத்தான் விதியென்று பெயரிட்டு மூடிவிடுகின்றோம்.

கடையில் நாம் வாய்திறவாத காரணம் இது. தோட்டக் கிராணியாகிய நாம் காலைதோறும் மழைமானியைப் பார்த்துப் பேரேட்டில் எண்ணைப் பதிகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், விடாமழையின் மூன்றாம் நாள், லயத்து மூதாட்டி ஒருவர் வந்து, "கிராணி ஐயா, வீட்டுக்குப் பின்னால கரையிலே மண்ணு வெடிச்சிருக்கு" என்றார். மழை விடட்டும் பார்க்கலாம் என்றோம். அன்றிரவு கரை சரிந்து அடுக்களைச் சுவரைத் தள்ளிற்று. நம் சொல்லை நம்பாத அம்மூதாட்டி பேரக்குழந்தைகளை முன்னறையில் கிடத்தியிருந்தமையால் ஓர் உயிரும் போகவில்லை.

மறுநாள் நாம் அங்குச் சென்று தலைகுனிந்து நின்றபோது, "விடுங்க ஐயா, விதி" என்று அவரே நம்மைத் தேற்றினார். நாம் மறுக்கவில்லை. அக்காலையில் பதிந்த மழையளவு இன்றும் பேரேட்டில் நம் கையெழுத்திலேயே இருக்கின்றது: 112 மில்லிமீட்டர்.