குழிக்குள் ஒரு தம்பி



கடந்த மாதம் திண்டிவனத்தில் உபவாச ஜெபம் முடிந்து, விழுப்புரத்திற்குப் பஸ் ஏறப் போனேன். ஒரு சகோதரி பின்னாலேயே ஓடி வந்தார்கள். "பாஸ்டரய்யா, எம் புள்ள காலேஜ் ஹாஸ்டல்ல சேர்ந்து பத்து நாள்தான் ஆவுது. ராத்திரி போன் பண்ணி, 'என்னக் கூட்டிட்டுப் போயிடும்மா'ன்னு அழுவுறான். ஏன்டான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். ஜெபித்தேன், ஆனால் வார்த்தை வரவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஆவியானவர் என்னோடு இடைப்பட்டார். முதலில் நீ செய்ததைச் சொல் என்றார்.

சொல்கிறேன். இரட்சிக்கப்படுவதற்கு முன் நானும் ஒரு ஹாஸ்டலில் சீனியர்தான். கிராமத்திலிருந்து வந்த ஒரு தம்பியைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் ஆட வைத்தோம். "அப்பதான்டா நீ நம்ம செட்டு" என்று சிரித்தோம். நான்காம் நாள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவன், திரும்பவேயில்லை. இன்றுவரை தேடுகிறேன். மன்னிப்புக் கேட்க ஆள் கிடைக்கவில்லை.

தேவபிள்ளையே, ஆதியாகமம் 37-ஐத் திறந்து பார். யோசேப்புக்கு வயது 17. காலேஜ் சேருகிற வயது! அண்ணன்மார் முதலில் கழற்றியது அவன் அங்கியைத்தான். பிறகு குழியில் போட்டார்கள். போட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரூபனுக்கு மட்டும் மனது இருந்தது. அப்புறம் வந்து தூக்கிவிடலாம் என்று நினைத்தான். அவன் வந்தபோது குழி காலி!

இது பழைய கதை அல்ல. விழுப்புரத்தில் ரயில் ஏறினால் கடலூர் தாண்டிச் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியில், 1996 நவம்பரில், முதலாம் ஆண்டு மாணவர் நாவரசுவை ஒரு சீனியர் கொன்றார். மேல்முறையீட்டில் விடுதலையான அவருக்கு, 2011-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆயுள் தண்டனையை நிலைநிறுத்தியது. அந்த சீனியருக்கு இருந்தது நம் பிள்ளைகளுக்கு வைக்கிற வேதாகமப் பெயர். பெயர் காப்பாற்றாது, சபையே!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராக வைத்துக்கொண்ட சகோதரர் சங்கங்கள் உண்டு. பெண்களுக்குச் சகோதரிகள் சங்கங்களும் உண்டு. 2017-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், அப்படி ஒரு சங்கத்தில் சேர வந்த 19 வயதுப் பையனை மிதமிஞ்சிக் குடிக்க வைத்தார்கள். படியில் விழுந்தான். பல மணி நேரம் ஒருவரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவன் இறந்துபோனான். சகோதரர் என்று பெயர். செய்ததோ யோசேப்பின் அண்ணன்மார் செய்தது!

நான் ரூபனாக இருக்க விரும்பவில்லை. மறுநாளே அந்தத் தாயோடு ஹாஸ்டலுக்குப் போனேன். தம்பி தலை குனிந்தே நின்றான். நான் செய்த பாவத்தை அவனிடம் அறிக்கையிட்டேன். அதன் பிறகுதான், "ஐயா, என்னையும் அப்படித்தான்..." என்று வாய் திறந்தான். வார்டனிடம் எழுதிக் கொடுத்தோம்.

பெற்றோரே, ஜெபியுங்கள், ஜெபத்தோடு நின்றுவிடாதீர்கள். நாவரசு இறந்த பின் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 1800-180-5522 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். "பெரியவங்க ஆகிட்டா சரியாப் போயிடும்" என்று பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள்.

சீனியர் தம்பிகளே, தங்கைகளே! நம் ஆண்டவரும் பன்னிரண்டு பேரை ஒரு கூட்டமாகச் சேர்த்தார். அவர்தான் அங்கே சீனியர். அவர் ஒருவருடைய வஸ்திரத்தையும் கழற்றவில்லை. தம்முடைய வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, சீலையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் காலைக் கழுவினார். இந்த வருடம் புதிதாக வருகிற பிள்ளையின் பெட்டியை நீ தூக்கு. மெஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்.

என் தகரப் பெட்டித் தம்பி எங்கிருந்தாலும், கர்த்தர் அவனைத் தேற்றுவாராக. எனக்காகவும் ஜெபியுங்கள். ஆமென். அல்லேலூயா!