புறப்பகையும் அகப்பிளவும்

புறத்தே எழும் பகை ஒரு சமயச் சமூகத்துக்குள் மெய்யான அன்பை வளர்க்கிறதா, உள்ளே கிடக்கும் பிணக்குகளைச் சில காலம் மறைத்துவைக்கிறதா என்ற கேள்வியை ஆராய, தாமிரபரணிக் கரையிலும் அதற்குத் தெற்கே பரந்த தேரிக்காட்டிலும் வேரூன்றிய சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு பெரிதும் உதவும். குழுப்பற்று இடுக்கண் சூழ்ந்தபோது இறுகி, வளமும் அதிகாரமும் வந்தபின் தளரும் என்றார் பதினான்காம் நூற்றாண்டு அரபு அறிஞர் இப்னு கல்தூன். அதை அவர் ‘அஸபிய்யா’ என்று அழைத்தார். திருநெல்வேலியிலோ பகை தணியும் முன்பே பிளவு வந்துவிட்டது.

சொந்த ஊர்களில் துன்புறுத்தப்பட்ட புதுக் கிறித்தவர்களுக்காக, சாத்தான்குளத்துக்கு அருகே உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799-இல் நிலம் வாங்கி முதலூரை உருவாக்கினார். அத்தகைய அடைக்கல ஊர்களுக்கு நிலமும் மனையும் வாங்கித்தர ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் 1830-இல் தரும சங்கத்தைத் தொடங்கினார். உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் சேர்த்துச் சபைக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை, வறிய வீட்டையும் பொதுப்பணியில் பங்காளியாக்கியது. மறுபுறத்திலும் இவ்வாறே ஒன்றுதிரளல் நிகழ்ந்தது: மதமாற்றத்தை எதிர்த்து 1840-களில் விபூதி சங்கம் திரண்டது, கிறித்தவக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன.

ஆயினும் குருப்பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை கிறித்தவர்களின் இந்த ஒற்றுமையால் தீர்க்க இயலவில்லை. பேராயர் கைவைத்து அளிக்காத பட்டம் செல்லாது என்பது ஆங்கிலிக்கன் நெறி. லூத்தரன் மரபினரான ரேனியஸ் அதை ஏற்காததால் 1835-இல் ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். உபதேசியார்களில் பலர் அவர் பக்கம் சென்றதால் சபைகள் ஊர் ஊராகப் பிரிந்தன; 1838-இல் அவர் இறந்தபின்னரே பிளவு பெரும்பாலும் ஆறியது.

இதனினும் ஆழமான காயம் அவமதிப்பால் நேர்ந்தது. நாடார்களை இழித்துரைத்து மிஷனரி கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூலையும் மிஷனரிகளின் மேலாண்மையையும் எதிர்த்து, மிஷன் பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்த சட்டாம்பிள்ளை 1857-இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் இந்து கிறித்தவச் சபையை நிறுவினார். கிறிஸ்துவை விடாமலேயே ஐரோப்பியர் வழக்கங்களை விட்ட அச்சபை, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. நற்கருணையில் மதுவுக்குப் பதிலாகப் புளிக்காத திராட்சைச் சாற்றை வைத்தது. இதை வெறும் சாதிப் பெருமிதம் என்று தள்ளுவது நியாயமாகாது. வெளியாரின் இழிசொல்லைத் தாங்கிக்கொள்ள ஒன்றுகூடியவர்கள் அதே இழிசொல்லைத் தம் மேய்ப்பரிடமே கேட்டபோது, ஒன்றுகூடியதன் பொருளே கேள்விக்குள்ளாயிற்று.

ஆனாலும் பகையை எதிர்கொள்ளப் பிறந்த ஒத்துழைப்பு, பகைவர் இல்லாமலும் நிலைக்கக்கூடும். 1903 பிப்ரவரி 12 அன்று வேதநாயகம் அசரியா முதலானோர் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம், உள்ளூர்ப் பணத்தையும் உள்ளூர் ஊழியர்களையும் கொண்டு, மொழியால் வேறான நிஜாம் நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தன் பணியைக் கொண்டுசென்றது. 1912-இல் அசரியா தோர்ணக்கல்லின் பேராயராக, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார்.