தோல்வியின் சுமை யாருக்கு?

ஒரு கூட்டு முயற்சி தோல்வியுறும்போது, "இது யாரால் நேர்ந்தது?" என்னும் வினாவே முதலில் எழுகிறது. "இதில் நம் பங்கு யாது?" என்னும் வினா பின்னரே எழுகிறது; சில வேளைகளில் எழாமலே போகிறது. இவ்வுண்மையை விளையாட்டுக் களமும் நமக்குக் காட்டுகிறது. இங்கிலாந்து நாட்டின் லெஸ்டர் நகரக் கால்பந்துக் கழகத்தின் அண்மைக்கால வரலாற்றைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

1884-இல் தோன்றிய அக்கழகம் 132 ஆண்டுகள் முதற்பிரிவின் வாகையைச் சூடியதே இல்லை. 2015-ஆம் ஆண்டு கோடையில் இத்தாலியரான கிளாடியோ ரனியேரி அதன் மேலாளராகப் பொறுப்பேற்றார். அங்கே மேலாளர் என்பவரே ஆடுவோரைத் தேர்ந்து, ஆட்டமுறையை வகுத்து, வெற்றி தோல்விகளுக்கு விடை கூறுபவர். அவர் தலைமையில் அவ்வணி 38 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே தோற்று, 2016 மே மாதத்தில் வாகை சூடியது. பெருஞ்செல்வம் படைத்த கழகங்களுக்கு இடையே ஓர் எளிய கழகம் பெற்ற அவ்வெற்றியைத் தொலைக்காட்சியில் கண்டு, அதனை நம் வெற்றியாகவே கருதி மகிழ்ந்தோரில் நாமும் இருந்தோம்.

அடுத்த பருவத்தில் நிலை தலைகீழாயிற்று. நடுக்களத்தின் தூணாக விளங்கிய கான்டே செல்சி கழகத்திற்குச் சென்றுவிட்டார். 2017 பிறந்தபின் ஆறு லீக் ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூடப் போடவில்லை. இருபது அணிகளுள் பதினேழாம் இடம்; கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் நிலைக்கும் அதற்கும் இடையே ஒரே ஒரு புள்ளி. 2017 பிப்ரவரி 23 அன்று, வாகை சூடி ஒன்பது திங்களே கடந்த நிலையில், ரனியேரி நீக்கப்பட்டார்.

"நன்றி கொன்றனர்" என்று அன்று நாம் கடிந்துரைத்தோம். ஆனால் நம் உள்ளத்தை நாமே சோதித்துப் பார்த்தபோது நாணமே மிஞ்சியது. ஒவ்வொரு தோல்வியின்போதும், "இவரை மாற்றினால் என்ன?" என்று முணுமுணுத்தவர்களும் நாமேயன்றோ? நிர்வாகம் செய்தது நாம் விரும்பியதையே. விருப்பம் நம்முடையதாகவும், பழி அவர்களுடையதாகவும் இருக்கட்டும் என்று நாம் எண்ணினோம்.

நிர்வாகத்தார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் கழகத்தின் வருவாய் பெரிதும் குன்றும். அதன் துன்பம் பெரும்பொருள் ஈட்டும் ஆட்டக்காரரோடு நில்லாது, கழகத்தை நம்பி வாழும் எளிய பணியாளரையும் தாக்கும். நன்றி என்பது ஒருவருக்குப் பதவியை என்றென்றும் உரிமையாக்குவது அன்று. மேலும், ரனியேரி வந்ததும் ஒரு நீக்கத்தின் பின்னரே. 2015-இல் அக்கழகத்தை வீழ்ச்சியினின்று மீட்ட நைஜல் பியர்சன் அவ்வாண்டு ஜூன் இறுதியில் நீக்கப்பட்டார். ரனியேரியின் வெற்றியில் திளைத்த நாம் பியர்சனை எத்தனை முறை நினைத்தோம்?

நீக்கத்திற்கு நான்கு நாள் கழித்து, துணையாளராயிருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பில் அதே ஆட்டக்காரர் லிவர்பூல் அணியை 3-1 என்று வென்றனர். பருவ முடிவில் பன்னிரண்டாம் இடம் பெற்றனர். "மாற்றம் சரியே" என்றனர் பலர். ஆனால் நேற்று இயலாதது இன்று அதே கால்களுக்கு இயன்றது எனில், முன்னைய தோல்வியில் அக்கால்களுக்கும் பங்கு உண்டு என்பது தெளிவு. சுமை முழுவதும் ஒருவர் தலையில் ஏற்றப்பட்டது; ஏனையோர் இலேசான தோளுடன் ஓடினர்.

விளைவு நன்றாயின் செயலும் நன்று எனக் கொள்ளலாமோ? 2021-இல் கழகத்தின் முதல் எஃப்.ஏ. கோப்பையை வென்று தந்த பிரெண்டன் ராட்ஜர்ஸ் 2023 ஏப்ரலில், அணி தாழ்ந்த நிலையில், விலகினார். டீன் ஸ்மித் வந்தார். இம்முறை மருந்து பலிக்கவில்லை. அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஒரே வகைச் செயல் ஒருமுறை காத்தது, மறுமுறை காக்கவில்லை. ஆகவே விளைவைக் கொண்டு அறத்தை அளத்தல் பொருந்தாது. முடிவெடுக்கும் வேளையில் நம் உள்ளம் எந்நிலையில் இருந்தது என்பதே அளவுகோல். சினத்தைத் தணிக்க ஓர் ஆளைத் தேடினோமா, அன்றி நம் குறையையும் உட்படுத்திக் காரணத்தைத் தேடினோமா?

இவ்வகையில் லெஸ்டர் நகரத்து எளிய ரசிகர்கள் நமக்கு வழிகாட்டுகின்றனர். லிவர்பூலுடன் ஆடிய அந்த இரவில் அவர்கள் ரனியேரியின் முகம் தீட்டிய முகமூடிகளை ஏந்தி அவருக்கு நன்றி கூறினர். புதியவர் தலைமையில் ஆடிய அணியையும் மனமார ஊக்கினர். மாற்றத்தை ஏற்பதும் சென்றவரைப் போற்றுவதும் ஒரே நெஞ்சில் இடம்பெற இயலும் என்பதற்கு அதுவே சான்று.

நம் இல்லத்திலும், தொழிலிலும், சங்கங்களிலும் பொறுப்பில் இருப்போரை மாற்ற வேண்டிய வேளை வரலாம். அப்போது மாற்றுவோம், ஆனால் நம் பங்கின் சுமையையும் அவர் தோளில் ஏற்றி அனுப்பாதிருப்போமாக.