ஓணானின் மூன்றாம் கண்

ஆரம்பாக்கத்தில் ரயிலடியைத் தாண்டி வேலிக்காத்தான் புதர்களை ஒட்டி நடந்தால் வெயில் காயும் ஓணான் ஒன்றாவது கண்ணில் படும். சிறுவர்கள் கல்லைத் தேடுவதற்குள் தலையை இரண்டு தரம் ஆட்டிவிட்டு மறைந்துவிடும். அசையாமல் நின்று உற்றுப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் அதன் உச்சந்தலை தெரியும். இரு கண்களுக்கும் சற்றுப் பின்னால், சரியாக நடுவில் ஒரு செதில். அதில் வெளிறிய ஒரு புள்ளி. அது ஒரு கண்.

கதைக்காகச் சொல்வதல்ல இது. ஓணான் இனத்துக்கும் இன்னும் பல பல்லி இனங்களுக்கும் உச்சியில் ஒளி உணரும் கண் உண்டு. நியூசிலாந்தில் வாழும் டுவாட்டாரா என்ற பிராணிக்கு அந்தக் கண்ணில் லென்சும் விழித்திரையும்கூட இருக்கின்றன. ஆனால் அந்தக் கண்ணுக்கு உருவம் தெரியாது. வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்பது மட்டும் தெரியும். எவ்வளவு நேரம் வெயில் காயலாம், எப்போது நிழலுக்குப் போகலாம் என்ற கணக்குக்கு அது உதவுகிறது.

நம் தலைக்குள் அந்தக் கண்ணுக்கு உறவான ஓர் உறுப்பு உண்டு. பினியல் சுரப்பி என்று பெயர். தூக்கத்துக்கான மெலட்டோனினைச் சுரப்பது அதன் வேலை. மனிதரில் அது நேரடியாக ஒளியை உணர்வதில்லை. இரவா பகலா என்ற செய்தி அதற்கு முகத்தில் இருக்கும் கண்கள் வழியாகத்தான் போகிறது. 17-ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி டெகார்ட் ஆன்மாவின் இருக்கை இதுவே என்றார். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி 1888-இல் வெளியிட்ட நூலில் இதைப் பழைய மூன்றாம் கண்ணோடு இணைத்தார். 1882 முதல் அந்தச் சபையின் தலைமையகம் சென்னை அடையாறு. நெற்றிக்கண்ணுக்கும் மூளையின் ஒரு பாகத்துக்கும் முடிச்சுப் போடும் பேச்சு அப்படியே உலகம் சுற்றி, கடைசியில் நம் தெருமுனை நோட்டீசுக்கும் வந்து சேர்ந்தது.

2010-களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் அந்த நோட்டீஸ் பரவியது. 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று தலைப்பு. ஐந்து வயது முதல் பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பயிற்சி. தூங்கிக் கிடக்கும் நடுமூளை இசையால் எழுப்பப்படும். அதன்பின் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் படிக்கும், வண்ணம் சொல்லும், சைக்கிள் ஓட்டும். கட்டணம் சில இடங்களில் 20,000 ரூபாயையும் தாண்டியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த ஒருவருக்கு அது அப்போது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். மேடையில் சிலர் அறிவியல் என்றார்கள். அதே மூச்சில் ஞானக்கண் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து வந்ததுதான் பெற்றோரை வீழ்த்தியது. டாக்டர் பேச்சை நம்புகிறவரும் கோயிலை நம்புகிறவரும் ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த மேடையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளையின் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியிருக்கும். நெற்றியிலும் கன்னத்திலும் பட்டை இறுகப் படியும். மூக்குத் தண்டின் இருபுறமும் படியாது. முகத்தின் அமைப்பு அப்படி. அங்கே அரிசி மணி அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தால் போதும், கீழே இருக்கும் எழுத்தைப் படித்துவிடலாம். பிள்ளை அட்டையை நெஞ்சோடு சேர்த்து, மூக்குக்கு நேர் கீழே பிடிக்கும். முகவாய் ஒரு விரற்கடை உயரும். அட்டையைத் தடவும், முகர்ந்து பார்க்கும், பிறகு 'சிவப்பு' என்று சொல்லும். அதே அட்டையை யாராவது பிள்ளையின் தலைக்குப் பின்னால் பிடித்தால் ஞானக்கண் மூடிக்கொள்ளும். மூக்கோரத்தில் பஞ்சை அடைத்தாலும் அப்படியே. வீட்டில் ஒரு துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டால் யார் வேண்டுமானாலும் இதைச் சோதித்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை.

கண்கட்டு வித்தைக்காரர்களுக்கு இது பழம்பாடம். காஷ்மீரில் பிறந்த குடா பக்ஸ் மாவு உருண்டையாலும் பஞ்சாலும் கண்ணை மூடி, மேலே கட்டுக் கட்டாகத் துணி சுற்றிக்கொண்டு மேடையில் புத்தகம் படித்துக் காட்டி, மேல்நாடுகளில் பெரும் பெயர் எடுத்தார். 1960-களில் சோவியத் நாட்டின் ரோசா குலெஷோவா விரல் நுனியால் எழுத்தைப் படிப்பதாகப் புகழ் பரவியபோது, அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1966-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மூக்கோரத்துச் சந்துதான் அதன் பொருள். அந்தச் சந்தை அடைக்காத எந்தச் சோதனையும் சோதனை ஆகாது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். நம் பக்கத்தில் மங்களூரின் நரேந்திர நாயக், உயிர்வேதியியல் கற்பித்தவர், ஊர் ஊராகப் போய் இந்தப் பயிற்சியின் குட்டை உடைத்தார். பரிசுத்தொகை வைத்தும் சவால் விட்டார்.

இதில் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல இடமில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கீழே ஒரு வெளிச்சக் கீற்று தெரிகிறது. எதிரே பணம் கட்டிய அப்பா நிற்கிறார், அம்மாவின் கை கூப்பியிருக்கிறது, கூடம் முழுக்கக் கைதட்டக் காத்திருக்கிறது. 'எனக்குச் சந்து வழியாகத் தெரிகிறது' என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்? பெற்றோர் முன்னால், கடவுள் பெயரால் பொய் சொல்லப் பழக்கும் இரண்டு நாள் அது. பணம் போனதைவிட இதுதான் பெரிய நஷ்டம்.

நடுமூளை தூங்கிக் கிடப்பதாகச் சொன்னார்களே, அதைப் பார்ப்போம். சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதி தூங்கினால் ஆள் விழித்திருக்கவே முடியாது. விழிப்புநிலையைக் காக்கும் நரம்புகள் அதன் வழியாக ஓடுகின்றன. டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது கண்மணி சுருங்குகிறதா என்று கவனிக்கிறாரே, அந்தச் சுருக்கத்துக்கான உத்தரவு நடுமூளையிலிருந்துதான் வருகிறது. அங்கே டோபமைன் சுரக்கும் செல்கள் மடிந்தால் பார்க்கின்சன் நோய் வருகிறது.

நடுமூளைக்கும் பார்வைக்கும் உண்மையிலேயே ஓர் அதிசயத் தொடர்பு இருக்கிறது. பயிற்சி நடத்தியவர்கள் அதைப் படித்திருந்தால் வியந்திருப்பார்கள். லண்டனில் ஒரு நோயாளிக்கு மூளை அறுவை சிகிச்சையில், காட்சியை உணரும் மூளைப் பகுதியான பார்வைப் புறணியின் ஒரு பகுதியை நீக்க நேர்ந்தது. அவருக்குப் பார்வைப் புலத்தின் பாதியில் ஒன்றுமே தெரியவில்லை. லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் குழுவினர் அந்தக் குருட்டுப் பாதியில் ஒளிப்புள்ளியைக் காட்டி, 'சும்மா ஊகித்து விரலை நீட்டுங்கள்' என்றார்கள். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே அவர் பெரும்பாலும் சரியான திசையில் நீட்டினார். 1974-இல் அந்த ஆய்வு வெளியானது. 2008-இல் பியாட்ரிஸ் டி கெல்டர் குழுவினர் இன்னொருவரைப் பற்றி எழுதினார்கள். இரண்டு பக்கவாதத்தில் இரு பக்கத்துப் பார்வைப் புறணியும் அழிந்து முழுக்கப் பார்வை இழந்தவர் அவர். பெட்டியும் சாமானும் கிடந்த ஒரு நடைவழியில் கைத்தடி இல்லாமல், எதிலும் இடிக்காமல் நடந்து போனார். எப்படி ஒதுங்கினீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. கண்ணிலிருந்து புறணிக்குப் போகாமல் நடுமூளைப் பக்கம் போகும் பழைய பாதை ஒன்று அவருக்கு வழிகாட்டியிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். கண் மட்டும் திறந்திருக்க வேண்டும். இமைக்குமேல் கறுப்புப் பட்டை கட்டினால் அந்தப் பாதைக்கும் ஒன்றும் போய்ச் சேராது.

இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. மூளைப் பாதிப்பால் பார்வை முழுக்கப் போயும், 'எனக்கு நன்றாகத் தெரிகிறது' என்று அடித்துச் சொல்பவர்கள். எதிரே நிற்பவரின் சட்டை என்ன நிறம் என்றால் ஏதோ ஒரு நிறத்தைச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அன்டன் என்ற நரம்பியல் மருத்துவரின் பெயரால் அந்த நிலை அழைக்கப்படுகிறது.

ஒருவர் பார்க்கிறார், ஆனால் பார்ப்பதாக அறியவில்லை. இன்னொருவர் பார்க்கவில்லை, ஆனால் பார்ப்பதாக அறிகிறார். அப்படியானால் காண்பது கண்ணா, மூளையா, இரண்டுக்கும் பின்னால் இருக்கும் ஒன்றா? சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியை நன்றாக அறியும். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில், கண்ணுக்கு உயிர் காட்டுவதால் கண் காண்கிறது, அதுபோல உயிருக்கு இறைவன் காட்டுகிறான் என்று வாதத்தைக் கட்டினார். தானாகக் காணும் வல்லமை கண்ணுக்கு இல்லை என்பது அந்த வாதத்தின் அடிப்படை. இதைப் படித்துவிட்டு, மெய்கண்டாருக்கு நரம்பியல் தெரியும் என்று யாராவது கிளம்பினால் அவர்களும் நோட்டீஸ்காரர்களின் வழிக்கே போகிறார்கள். அவர் சொன்னது உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவு. லண்டன் ஆய்வகம் அதை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. அதற்கு ஸ்கேன் ரிப்போர்ட் தேவையும் இல்லை.

கண்ணைப் பற்றிச் சைவ சமயம் உண்மையில் என்ன கற்பித்தது என்பதை அறிய ஆரம்பாக்கத்துக்காரர்கள் தொலைதூரம் போக வேண்டாம். தடா வழியாகப் போனால் காளத்தி. அங்கே வேடர் கண்ணப்பர் தன் கண் ஒன்றைத் தோண்டி, குருதி வழிந்த இறைவனின் கண்ணில் அப்பினார். இறைவனின் மற்ற கண்ணிலும் குருதி வந்தபோது, தன் இரண்டாவது கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று செருப்புக் காலை அந்த இடத்தில் அடையாளமாக ஊன்றிக்கொண்டார். பக்தியின் உச்சத்தில் நின்றவர், அதுவும் நெற்றிக்கண்ணனுக்கு எதிரிலேயே நின்றவர். ஆனாலும் கண் இல்லாவிட்டால் தெரியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அகக்கண் வந்து கைக்கு வழிகாட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஆரம்பாக்கம் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு கதை இருக்கிறது. திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் பார்வை இழந்த சுந்தரர், தடுமாறி நடந்து திருவெண்பாக்கம் வந்தார். உள்ளே இருக்கிறீரா என்று உரிமையோடு இறைவனைக் கேட்டார். கிடைத்தது ஓர் ஊன்றுகோல். பார்வை பிறகுதான் வந்தது, அதுவும் பாதி பாதியாக: ஒரு கண் காஞ்சிபுரத்தில், மறு கண் திருவாரூரில். கோபத்தில் அவர் கோலை வீசினார், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று திருவெண்பாக்கம் கோயிலில் சொல்வார்கள். 1940-களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய ஊர் நீருக்குள் போனது. கோயிலைப் பூண்டியில் எடுத்துக் கட்டினார்கள். இறைவன் பெயர் ஊன்றீஸ்வரர்.

மூன்று கண் உடையவன் என்று போற்றப்படும் தெய்வம், பார்வை இழந்த தன் தோழனுக்குத் தடியைக் கொடுத்ததாகச் சொல்ல இந்த மரபு கூச்சப்படவில்லை. பார்வையிழப்பின் துன்பத்தை அது லேசாக எண்ணவில்லை. நோட்டீஸ்காரர்களின் ஞானக்கண்ணோ பார்வையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் திறந்தது. கண் இல்லாமல் படிக்க முடியும் என்றால் அவர்கள் முதலில் போயிருக்க வேண்டிய இடம் பார்வையற்றோர் பள்ளி. பிரெயில் தடவிப் படிக்கும் பிள்ளைகளைத்தான் அவர்கள் மேடையேற்றியிருக்க வேண்டும். அறிவியலும் பக்தியும் சேர்ந்து கோபப்பட வேண்டிய இடம் இது.

உண்மையாகவே கண் திறக்கும் கதையும் ஒன்று உண்டு. கண்புரையோடு பிறந்து, பல வருஷம் கழித்துப் பார்வை பெறும் பிள்ளைகள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா டெல்லியில் நடத்தும் 'பிரகாஷ்' திட்டம் அவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கு வழி செய்கிறது. 1688-இல் அயர்லாந்தின் வில்லியம் மோலிநியூ, தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார். கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டே அறிந்த ஒரு பிறவிக் குருடருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? முந்நூறு வருஷம் வாதத்தில் கிடந்த கேள்வி அது. சின்ஹாவின் குழு அப்படிப் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயதுவரை உள்ள ஐந்து பேரிடம், கட்டு அவிழ்த்த உடனே, கட்டை பொம்மைகளை வைத்துச் சோதித்தது. தொட்டதைத் தொட்டும் பார்த்ததைப் பார்த்தும் அவர்கள் சரியாகப் பொருத்தினார்கள். தொட்டதைக் கண்ணால் பொருத்தச் சொன்னபோது, காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். 2011-இல் இந்த முடிவு வெளியானது. தனிப் பயிற்சி எதுவும் தரவில்லை, பணமும் கட்டச் சொல்லவில்லை. வீட்டில் தட்டையும் டம்ளரையும் பார்த்தும் தொட்டும் புழங்கியதிலேயே, மறுபடி சோதிக்கப்பட்டவர்களுக்குச் சில நாட்களில் அந்தப் பொருத்தம் கைவந்துவிட்டது.