வேடமும் உடையும்

கந்தலை ஒருவன் நடிப்புக்காக அணிந்தால் அதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்து வியக்கின்றோம். பிழைப்புக்காக அணிந்தாலோ முகஞ் சுளிக்கின்றோம். இஃது எவ்வகை நீதி?

2012 அக்டோபர் முதல் 2013 ஜனவரி வரை, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையில் ஹாலிவுட் சினிமா உடைகளின் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. நூற்றுக்கு மேற்பட்ட உடைகளுள் சார்லி சாப்ளின் அணிந்த நாடோடி வேடத்து உடையும் ஒன்று: இறுகிய மேற்சட்டை, தொளதொளத்த காற்சட்டை. அதனைக் கண்டு மீண்ட நண்பரொருவர், ஜெஞ்சாரோமில் நம் வீட்டு முன்றிலில் அமர்ந்து, அவ்வேழை உடையின் பெருமையை நெடுநேரம் பேசினார்.

பின்னொரு நாள் அவ்வூரிலேயே ஒரு புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தோம். லயத்திலிருந்து வந்த மூட்டையொன்றை அவ்வீட்டு மகன் குப்பையில் எறிந்தான். உள்ளே இருந்தவை, தாயார் மரம் வெட்டப் போகையில் அணிந்த முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும். கித்தாப் பால் காய்ந்து கறுத்திருந்தன. “வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், அம்மா?” என்றான். தாயார் வாய் திறக்கவில்லை. அவனைக் கடிய நமக்கும் நா எழவில்லை. வெட்டுக்காட்டிலிருந்து நேரே பள்ளிக்கு வந்த அன்னையைக் கண்டு, தூணுக்குப் பின்னே ஒளிந்தவரல்லவா நாம்?

வேற்றுமை துணியிலன்று, அதனைக் களையும் உரிமையிலே உள்ளது. ஏழாம் வயதில் இலண்டன் ஏழையர் விடுதியில் வாழ்ந்த சாப்ளினுக்கு அன்று அவ்வுரிமை இல்லை. நடிகரான பின்னரோ, படப்பிடிப்பு முடிந்ததும் கந்தலைக் கழற்றி வைத்தார். காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் அரையாடையைத் தாமே ஏற்றார். உயிர் நீத்த நாளில் அவர் உடுத்திருந்த குருதி தோய்ந்த துணி இன்றும் மதுரைக் காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. 2016-இல் வெளிவந்த கபாலி படத்தில் மலேசியத் தமிழன் கோட்டணிந்து நிமிர்ந்தபோது நம்மவர் கைதட்டினர். ஒருவர் உடையைக் குறைத்தார், மற்றவர் கூட்டினார். இரண்டும் தாமே தேர்ந்தவை. தோட்டத்துத் தாயின் சட்டையைத் தேர்ந்ததோ, அவள் பெற்ற கூலி. அங்ஙனமாயின் வெட்கப்பட வேண்டியது யார்? சட்டையணிந்தவளா, அக்கூலியை அளந்தவனா?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது கூலியுயர்வு மட்டும் கேட்கவில்லை; துரைமார் எதிர்ப்பட்டால் மிதிவண்டியை விட்டு இறங்காமற் செல்லும் உரிமையையும் கேட்டனர். நல்லுடை உடுத்திய பின்னர் மதிக்குமாறு அவர்கள் வேண்டவில்லை. உள்ள உடையிலேயே மதிக்குமாறு கேட்டனர்.

வறுமையைப் போற்றுக என்று நாம் கூறவில்லை; அது ஒழியத்தான் வேண்டும். ஆயினும், வறுமையை ஒழிக்க உழைத்தவளின் அடையாளத்தை அதனோடு சேர்த்து ஒழிப்பது நன்றி கொல்லும் செயலாகும். எந்தப் பொருட்காட்சிசாலையும் அச்சட்டையைக் கேட்டு வாராதிருக்கலாம். புது வீட்டின் பேழையிலே ஓர் அறை அதற்குப் போதும். பேரப்பிள்ளை ஒரு நாள் அதனை எடுத்து, “இந்தக் கறை என்ன, பாட்டி?” என்று கேட்கட்டும். தூணுக்குப் பின்னே ஒளியாமல் அவனுக்கு விடை கூற நாமும் அருகிருப்போமாக.