ஒரு இடமும் ஒரு மனுவும்

பிள்ளைக்கு இடமில்லை என்று பள்ளிக்கூடம் கையை விரித்துவிட்டால் பெத்தவன் என்ன செய்வது? கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் போராடணும் என்று பதில் சொன்னவன் நான். அப்போது போராட வேண்டியது அடுத்தவன் பிள்ளைக்காக. 2011 ஜூனில் என் மகளுக்கே இடமில்லை என்றார்கள். அந்தப் பத்து நாளில் நான் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எழுதத்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்கு விழுப்புரம் பக்கம். ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. பதினொன்றுக்கு டவுனுக்குத்தான் போகணும். அங்கே அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்று. என் மகள் 500க்கு 431 எடுத்திருந்தாள். எதிர்வீட்டு அக்கா செங்கல் சூளைக்குப் போகிறவள். அவள் மகள் 402. ரெண்டு பேருமே ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு எழுதிப் போட்டார்கள். ரெண்டு பேருக்கும் இல்லை. தலைமையாசிரியர் தன்மையாகத்தான் பேசினார். "ஃபர்ஸ்ட் குரூப் ஃபுல் ஆயிடுச்சிங்க. தேர்டு குரூப் தரேன், வொக்கேஷனல் தரேன். உங்க பிள்ளைங்களுக்கு மேக்ஸ் கஷ்டம். அப்படியும் வேணும்னா உங்களுக்குன்னே தனியா ஸ்கூல் வெச்சிருக்காங்களே."

சாதிப் பெயர் அவர் வாயில் வரவேயில்லை. 'உங்க' என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் அடங்கிப்போச்சு. இதை எந்த வழக்கில் எந்தப் பிரிவில் எழுதுவது? என்னை ஆறாவதில் சேர்க்க எங்க அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அரை நாள் வேப்பமரத்தடியில் நின்றார். நான் மின்வாரியத்தில் ஒயர்மேன், பேண்ட் சட்டை போட்டவன், சங்கத்தில் பொறுப்பில் இருந்தவன். நான் நின்றது நாற்காலிக்கு முன்னால். அவ்வளவுதான் ஒரு தலைமுறையில் நடந்த முன்னேற்றம்.

தார்வாரில் 1856 ஜூனில் ஒரு மகர் பையன் அரசுப் பள்ளியில் சேரப் போனான். சேர்க்க மாட்டோம் என்றார்கள். அவன் பம்பாய் அரசுக்கு மனுப் போட்டான். அரசு அவன் பக்கம் நியாயம் இருப்பதை ஒத்துக்கொண்டது. ஆனாலும் காலங்காலமாக இருந்துவரும் மனப்பான்மையை ஒருத்தனுக்காகவோ சிலருக்காகவோ சட்டென்று தொட்டால் கல்விக்கே கேடு வந்துவிடும் என்று சொல்லிக் கைகழுவிவிட்டது. நியாயம் உண்டு, இடம் கிடையாது. கம்பெனியின் இயக்குநர்கள் 1858இல் அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொது என்று எழுதினார்கள். 1882இல் அமைந்த ஹன்டர் கமிஷனும் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. கூடவே, நிதானமாகப் போங்கள், தனிப்பள்ளி வையுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னது. எங்கள் தலைமையாசிரியர் ஹன்டர் கமிஷனைப் படித்திருக்க மாட்டார். படிக்காமலே அதே வரிசையில் பேசினார்.

தனிப்பள்ளியை நான் இளக்காரமாகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்னல் ஆல்காட் 1894இல் அடையாறு பக்கம் பஞ்சமர் பள்ளியைத் திறந்தபோது அது எத்தனை வீட்டில் விளக்கேற்றியிருக்கும்! நானே ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து, அந்த ஹாஸ்டல் சோற்றில் வளர்ந்தவன். ஆனால் நம் பள்ளி என்று நாமாகத் தேடிப்போவது வேறு, பொதுப்பள்ளி வாசலில் நிறுத்திவைத்து 'அங்கே போ' என்று கைகாட்டுவது வேறு.

சட்டம் இல்லாமலில்லை. அரசுப் பணம் வாங்கும் எந்தப் பள்ளியும் சாதியைக் காரணம் காட்டி ஒருவருக்கு இடம் மறுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 29(2) சொல்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அது ஆறு முதல் பதினாலு வயது வரைக்கும்தான். எட்டாவதோடு நம்மை இறக்கிவிட்டுப் போய்விடும் பஸ் அது. பதினொன்றாம் வகுப்புக்கு நம் கையில் இருப்பது இடஒதுக்கீட்டு விதி: பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3. பொதுவில் 31. அந்தப் பொது 31 எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. யார் மதிப்பெண்ணில் முந்தினாலும் அதில் வரலாம். பள்ளிக்கூடங்கள் கை வைப்பது இந்த இடத்தில்தான். மதிப்பெண்ணில் முந்திய நம் பிள்ளையையும் 18க்குள்ளேயே அடைத்துவிட்டால், பின்னால் நிற்கும் நம் பிள்ளை தானாகவே வெளியே விழும். பொதுவும் 'அவங்க'ளுக்கென்று மிஞ்சும். சத்தமே வராது.

முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு எழுதினேன். 'என் மகளுக்கு இடம் தாருங்கள்' என்று எழுதவில்லை. எந்தப் பிரிவில் யார் யாருக்கு, எந்த மதிப்பெண்ணுக்கு இடம் கொடுத்தார்கள், அந்தப் பட்டியலை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அக்காவும் கைநாட்டு வைத்தாள். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. பெண்ணுக்கு ஃபர்ஸ்ட் குரூப் இருக்கிறதாம். காலையில் வந்து பணம் கட்டலாமாம். மனுவை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ளணுமாம். அக்கா மகளைப் பற்றிக் கேட்டேன். "அத அப்புறம் பாக்கலாம்ங்க" என்றார் வந்தவர்.

ராத்திரி தூக்கமில்லை. என் வீட்டுக்காரம்மா ஒன்றுதான் கேட்டாள்: "ஊருக்கு நியாயம் பேச நம்ம பொண்ணுதான் கெடச்சாளா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. காலையில் போய்க் கையெழுத்துப் போட்டேன். அக்கா மகள் தொழிற்பிரிவில் சேர்ந்தாள்.

மனசு அடங்கவில்லை. அடுத்த வருஷம் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே பட்டியலைக் கேட்டேன். வந்தது. பொதுப் பிரிவில் கடைசியாக இடம் வாங்கிய பிள்ளையின் மதிப்பெண் 424. 431 எடுத்த என் மகள் பெயர் அதில் இல்லை. 18 சதவீதப் பட்டியலில் பத்துப் பெயருக்குக் கீழே, பதினோராவதாக, வேறு மையில் எழுதியிருந்தது. காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் 402. என் மகளை அவள் இருக்க வேண்டிய பொதுப் பட்டியலில் வைத்திருந்தால் அந்தப் பதினோராவது இடம் அக்கா மகளுக்கு வந்திருக்கும். என் மனு கேட்டது இதைத்தான். நான் வாபஸ் வாங்கியதும் இதைத்தான்.

தோழர்கள் சிலரிடம் சொன்னேன். ஒருத்தர், இயக்கத்துக்காரன் சொந்தப் பிள்ளையைப் பலி கொடுக்கவும் துணியணும் என்றார். இன்னொருத்தர், எந்தத் தகப்பனும் இதைத்தான் செய்வான், விடு என்றார். ரெண்டுமே எனக்கு ஒட்டவில்லை. பதினாறு வயசுப் பெண்ணின் படிப்பைப் பணயம் வைத்துக் கொள்கை பேச எனக்கு என்ன உரிமை? அந்தப் படிப்பு அவளுடையது, என்னுடையது இல்லை. அதனால் இடத்தை வாங்கியதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். அது அவளுக்குச் சேர வேண்டிய இடம், அவர்கள் போட்ட பிச்சை இல்லை. தப்பு, அதற்கு விலை கொடுத்தது. உரிமைக்கு எவனாவது விலை கேட்டால், அவனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். சங்கத்தில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! 'இடத்தைக் கொடுங்க, மனு அது பாட்டுக்கு இருக்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இடம் போய்விடும் என்று பயந்தேன். கொடுக்கிறேன் என்று ஆள் அனுப்பிச் சொன்ன பிறகு எதைக் காரணம் காட்டி மறுத்திருப்பார்கள்? இந்த யோசனை அந்த ராத்திரி வரவில்லை. பயந்தவனுக்கு யோசனை வராது. அதைத் தெரிந்துதான் சாயங்காலத்தில் ஆள் அனுப்பி, காலையில் பதில் கேட்கிறார்கள்.

தார்வார்ப் பையனை ஒருத்தன் என்பதால் வெளியே நிறுத்தினார்கள். இப்போது ஒருத்தனை உள்ளே விடுகிறார்கள், மற்றவன் கேள்வி கேட்காமலிருக்க.

2013இல் அக்காவின் சின்ன மகன் பத்தாவது முடித்தான். அவள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "தம்பி, அந்த ஸ்கூல்ல உனக்கு ஆள் தெரியுமே, நீ சொன்னா எடம் தருவாங்கல்ல?" என்று கேட்டாள். ஆள் தெரியும்! தனியாகப் போகாமல், அந்த வருஷம் விண்ணப்பம் போட்ட காலனிக்காரர்கள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். இடமில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், பிரிவுவாரியாகப் பட்டியலை ஒட்டுங்கள், ஒட்டும் வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம் என்றோம். ரெண்டாம் நாள் ஒட்டினார்கள். பொதுப் பட்டியலில் நம் பிள்ளைகள் ரெண்டு பேர் இருந்தார்கள். அக்கா மகன் 18க்குள் வந்தான். ஏழு பேரில் மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை, அவர்கள் மதிப்பெண் எட்டவில்லை. வருத்தம்தான். ஆனால் யார் இடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அக்கா அன்றைக்கு எனக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வேறு மையில் எழுதிய அந்தப் பட்டியல் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. அவளிடம் இதுவரைக்கும் காட்டவில்லை. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் மகள் இந்த இதழை வாங்குகிறவள்.